வடக்கில் பன்னிரண்டு கமராக்கள்

1

இந்த மாதம் ஆறாம் திகதியோடு நான் ஜேர்மனிக்கு வந்து முப்பத்தெட்டு வருடங்கள் நிறைந்தன. வருடாவருடம் அந்த நாளில் ஒரு கொப்பியில் கணக்கு எழுதி வைப்பது என் வழக்கம். மாறிய வீடுகள் ஐந்து. பிரஜாவுரிமை கிடைக்கும்வரை விசா நீட்டிய தடவைகள் பதினேழு. ஊருக்கு வந்துபோனது நான்கு, அதில் மூன்று செத்தவீடு. இப்படி. இதையெல்லாம் கூட்டினால் என்ன வரும் என்று மனைவி சரோ கேட்பாள். ஒன்றும் வராதுதான். ஆனாலும் எழுதாமல் விட்டால் அந்த வருடம் கைநழுவிப் போனதுபோல் இருக்கும்.

இம்முறை எழுதவில்லை. அன்று காலை பத்து இருபதுக்கு மகள் நிவேதா மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்து அழைத்தாள்.

"அப்பா, இசிஃபுவும் பியோவும் வெளிக்கிட்டிட்டினம். வடக்கில கட்டின கமராக்களைக் கழட்டிக்கொண்டு வர. மூண்டு நாளில வந்திடுவினம்."

"நீ போகேல்லைத்தானே?"

"போகேல்லை அப்பா. எத்தினை தரம் கேப்பியள்?"

அந்தக் கிழமையில் அது ஆறாவது தடவை. இசிஃபுவும் பியோவும் அவள் வேலை செய்கிற காப்புக்காட்டின் காவலர்கள். நான் அவர்களைக் கண்டதில்லை. அவர்கள் வடக்குக்குப் போகவேண்டி வந்தது என்னால். பீலெஃபெல்டில், மூன்றாம் மாடியில், சாப்பாட்டு மேசைக்கு முன்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னால். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இது எப்படி நடக்கும் என்று விளங்காது. எனக்கும் விளங்க நாள் எடுத்தது. அதனால் ஒழுங்காகச் சொல்கிறேன்.

2

நிவேதாவுக்கு முப்பத்திமூன்று வயது. இங்கே பிறந்தவள். கொண்டாட்டங்களில் மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை வைத்தியர் என்றும் பொறியியலாளர் என்றும் சொல்லும்போது, நான் "மகள் பெரிய மிருகங்களை எண்ணுகிறாள்" என்பேன். எதிரில் இருப்பவர் உடனே, "மிருகக்காட்சிச்சாலையிலயோ அண்ணை?" என்று கேட்பார்.

பெனின் நாட்டின் வடக்கு அந்தத்தில் இருக்கிறது அந்த இடம். நாம் நினைக்கிற காடு இல்லை. ஆள் உயரப் புல், இடையிடையே ஐதாக மரங்கள். யானை, காட்டெருமை, சிங்கம், கழுதைப்புலி, பலவகை மான்கள் அங்கே திரிகின்றன. எத்தனை மிச்சம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரிந்துகொள்ள, நிலத்தை வரைபடத்தில் சதுரங்களாகப் பிரித்து, சதுரத்துக்கு ஒன்றாக மரத்தில் கமராவைக் கட்டிவிடுவார்கள். முன்னால் ஏதாவது அசைந்தால் அது தானாகப் படம் எடுக்கும். மொத்தம் அறுபது கமராக்கள். மழை தொடங்கினால் பாதைகள் தண்ணீருக்குள் போய்விடும் என்பதால் எல்லாம் வறட்சிக் காலத்திலேயே முடியவேண்டும்.

போன வருடம் மே மாதம் வீட்டுக்கு வந்தபோது, சீட்டுக்கட்டு அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை மேசையில் வைத்தாள். அதற்குள் நாற்பத்தெட்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு படங்கள்.

"கணினி பிரிச்சுத் தரும் அப்பா, ஆனா பிழை விடும். முயலைச் சிங்கம் எண்டும். மனிசக் கண்ணால பாக்கவேணும். எங்கட இன்ஸ்ரிரூற்றில ஆக்கள் இல்லை. உங்களுக்குப் பொறுமை இருக்கு, செய்வியளோ?"

வேலையில் இருந்து ஓய்வுபெற்று ஆறு வருடங்கள். அதற்கு முன் இருபத்தேழு வருடங்கள் ஒரு சமையலறைத் தளபாடத் தொழிற்சாலையில் கதவுப் பிணைச்சல்களைச் சரிபார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. பிள்ளைகள் முடிவு எடுத்துவிட்டு அறிவிக்கத்தான் வருவார்கள். இவள் உதவி கேட்டு வந்தாள். வேலையை முழுக்க விளக்கி முடிப்பதற்கு முன்னமே நான் ஓம் என்றுவிட்டேன். அது என் முதல் பிழை.

படங்களில் கண்டதை நான் எழுதவேண்டிய அட்டவணைக்கு அவளிடம் தமிழ்ச் சொல் இல்லை, ஜேர்மனில் ரபெல்ல என்றாள். மான்களின் பெயர்களைப் பிரெஞ்சில் சொன்னாள். எனக்கு அவை வாயில் வரவில்லை. ஆகையால் குதிரை முகம் உள்ள பெரிய மானுக்குக் குதிரைமூஞ்சி என்றும், பின்புறத்தில் வெள்ளை வளையம் உள்ளதற்கு வளையக்காரர் என்றும் எழுதினேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எசன் நகரில் இருக்கும் மகன், ஞாயிறு தோறும் நாலு நிமிடம் பேசுகிறவன், "எங்களை எண்ணி முடிச்சு இப்ப மிருகத்துக்கு வந்திட்டியளோ?" என்று கேட்டான். அன்று ஆறு நிமிடம் பேசினான்.

3

ஜூனில் தொடங்கினேன். காலை எட்டில் இருந்து பன்னிரண்டு வரை, ஞாயிறும் விடாமல். காற்றுக்குப் புல் அசைந்தாலும் கமரா எடுத்துவிடும். முப்பத்தோராயிரத்து இருநூற்றேழு படங்களில் புல்லைத் தவிர எதுவும் இல்லை. தேத்தண்ணி கொண்டுவரும் சரோ எட்டிப் பார்ப்பாள்.

"இஞ்சேருங்கோ, இதுக்குள்ள என்ன கிடக்கு?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததை இவ்வளவு நேரம் பாக்கிற மனிசன், நான் புதுச்சீலை உடுத்தால் நிமிந்து பாக்கிறியளோ?"

ஓகஸ்டில் வடக்குப் பகுதிக்கு வந்தேன். நாற்பத்தொன்றில் இருந்து ஐம்பத்திரண்டு வரை பன்னிரண்டு கமராக்கள். ஆறு அந்தப் பக்கம் ஓடுவதால் அங்கே மிருகங்கள் அதிகம். அதற்குள் என் கண்ணும் பழகிவிட்டது. நாற்பத்திநாலாம் கமராவில் ஒரு கொம்பன் யானை, இடது தந்தம் பாதியில் முறிந்தது. முதல் படத்தில் "யானை 1" என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து எடுத்த படத்திலும் அதே முறிந்த தந்தம். பிறகும் அதே. மொத்தம் இருபத்தொரு தடவை. அட்டவணையின் அடியில் கூட்டுத்தொகை இருபத்தொன்று என்று வந்தது. எனக்குக் கை ஓடவில்லை. அங்கே நிற்பது ஒரு யானை.

இதை விளங்கிக்கொள்ள என் பழைய உத்தியோகத்தைச் சொல்லவேண்டும். நான் ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவன். கடைசி வருடத்தில் என் மேசைக்கு வந்ததெல்லாம் இடம்பெயர்ந்தவர்களின் பட்டியல்கள். சனம் ஒரு பள்ளிக்கூடத்தில் பதிந்துவிட்டு, அங்கே இருக்க முடியாமல் இன்னொரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பதியும். ஒரே குடும்பம் இரண்டு இடத்தில் நிற்கும். அதைக் கண்டுபிடித்து, சிவப்பு மையால் வெட்டி, ஓரத்தில் "இரட்டைப் பதிவு" என்று எழுதுவது என் வேலை. என்னைப்போல் வேகமாகப் பிடிக்கிறவர் இல்லை என்று மேலதிகாரி சொல்வார். ஒருநாள் ஒரு பெண் மூன்று பிள்ளைகளோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். அதே பெயர், கணவனுக்கும் அதே பெயர், வேறு முகாமில் வேறொருத்தி இருந்திருக்கிறாள். நான் இவளை வெட்டிவிட்டேன். அடுத்த மாதப் பட்டியல் வரும்வரை அவளுக்கு நிவாரண அரிசி இல்லை.

அவள் சத்தம்போடவில்லை. "தம்பி, நான் ரெண்டு பேரெண்டால் ஒராளை வீட்டைப் பாக்க விட்டிட்டெல்லோ வந்திருப்பன்" என்றாள். பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை, பெயரையும் உடனே சேர்க்க முடியவில்லை. அது என் அதிகாரத்தில் இல்லை.

இதில் இருந்து நான் படித்திருக்கவேண்டியது ஒன்று. படித்தது வேறொன்று. பெயரை மட்டும் பார்த்து வெட்டக்கூடாது, ஆளை நன்றாகப் பார்த்து வெட்டவேண்டும் என்று படித்தேன். அதனால் தந்தத்தைப் பார்த்தேன், காதுக் கிழிசலைப் பார்த்தேன், தோளில் உள்ள தழும்பைப் பார்த்தேன். ஒவ்வொரு மிருகத்துக்கும் தெளிவான ஒரு படத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்தேன். பெட்டி நிரம்பிவிட்டது என்று கணினி சொல்லிக்கொண்டிருந்ததால், குப்பைத்தொட்டிப் படம் போட்ட இடத்தையும் வெறுமையாக்கினேன். அழித்த படங்கள் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு. கொப்பியில் இருக்கிறது.

நிவேதாவுக்குச் சொல்லவில்லை. திறந்து பார்க்கும்போது சுத்தமாக இருப்பதைக் கண்டு சந்தோஷப்படட்டும் என்று நினைத்தேன்.

4

டிசம்பர் விடுமுறையில் அவள் வந்தாள். சரோ வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். நிவேதா மேசையில் கணினியோடு இருந்தவள், தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"அப்பா, நாப்பத்திநாலாவது கமராவில எண்பது நாளுக்கும் ஒரு யானை ஒருக்காத்தான் வந்ததோ?"

"ஒராள்தான். இடது தந்தம் முறிஞ்சவர்."

"எத்தினை தரம் வந்தவர்?"

"இருபத்தொரு தரம்."

"மற்ற இருபது படமும் எங்க?"

"அது அவரேதானே பிள்ளை. ரெட்டிப்பு. எடுத்துப்போட்டன்."

அவள் கணினியை மெல்ல மூடினாள். கோபம் வந்தால் ஜேர்மனுக்கு மாறிவிடுவாள், சின்ன வயதில் இருந்தே அப்படித்தான். அன்று கடைசிவரை தமிழிலேயே பேசினாள். எனக்குப் பயமாக இருந்தது.

"எது எந்த யானை எண்டு எங்களுக்குத் தேவையில்லை அப்பா. எண்பது நாளில எத்தினை தரம் கமராவுக்கு முன்னால மிருகம் நடந்தது, எந்த நாள், எத்தினை மணிக்கு. அதை வச்சுத்தான் கணக்குப் போடுறது. தெற்கில வந்ததெல்லாத்தையும் எண்ணிப்போட்டு வடக்கில மட்டும் ஒவ்வொண்டை விட்டால், வடக்கில மிருகமே இல்லை எண்டு வரும்."

"ஒரு யானையை இருபத்தொண்டு எண்டு எழுதினால் பொய்யெல்லோ?"

"இருபத்தொரு யானை எண்டு நான் சொல்லப்போறனெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆட்கள் போதாததால் வடக்குப் பகுதியைக் காவலில் இருந்து விட்டுவிடலாமா என்று அங்கே பேச்சு நடக்கிறதாம். அங்கே மிருகம் இருக்கிறது என்று காட்டத்தான் இந்த ஆய்வே. அதையும் அன்றுதான் சொன்னாள்.

இரண்டாவது பிரதி முகாமில் இருந்தது. திறந்து பார்க்கச் சொல்லி அங்கே எழுதினாள். நான்காம் நாள் பதில் வந்தது. பாலைவனக் காற்றின் தூசி உள்ளே போய் அது செத்துப்போயிருந்தது. கமராக்களில் இருந்த நினைவக அட்டைகளையும் அடுத்த பருவத்துக்காக வெறுமையாக்கிவிட்டார்கள். நான் என் கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினேன். அதில் தொகைகள் இருந்தன. நாளும் மணியும் படங்களோடு போய்விட்டன. அவள் கொப்பியை முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தாள்.

"வடிவா எழுதியிருக்கிறியள்" என்றாள்.

"அப்ப என்ன செய்யிறது?"

"திரும்பக் கட்டவேணும். பன்னிரண்டையும்."

அடுப்படியில் வாழைக்காய் கருகியது. சரோ அடுப்பை நிறுத்திவிட்டு வந்து, "வடக்கிலயோ? அங்க போகமாட்டன் எண்டெல்லோ சொன்னனீ?" என்றாள்.

5

ஆற்றுக்கு அந்தப்பக்கம் வேறு நாடு. அங்கே இருந்து சில வருடங்களாக ஆயுதக்காரர் இந்தப்பக்கம் வந்துபோகிறார்கள். நாங்கள் அவளிடம் வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: தெற்கில் நின்று வேலை செய். முதல் பருவம் முடிந்ததும், இனி வடக்குக்குப் போகத் தேவையில்லை என்று அவளே சொல்லியிருந்தாள். நான்தான் திரும்ப அனுப்பினேன்.

ஜனவரியில் போனாள். காவலர்களோடு பன்னிரண்டு கமராக்களையும் கட்டிவிட்டுத் தெற்கு முகாமுக்குத் திரும்பினாள். எண்பது நாட்களுக்குப் பிறகு போய்க் கழட்டவேண்டும். நான் நாட்காட்டியில் எண்பதையும் இலக்கமிட்டு வைத்தேன். ஒவ்வொரு நாளும் அந்தப் பகுதிச் செய்தியை ஜேர்மனில் தேடினேன், கிடைக்காவிட்டால் ஆங்கிலத்தில் தேடினேன். செய்தி இல்லாத நாள் நல்ல நாளா, செய்தி எழுத ஆளில்லாத நாளா என்று தெரியாது.

மார்ச் கடைசியில் ஒருநாள் மத்தியானம் அழைத்தாள். வடக்கில் ஏதோ நடந்திருக்கிறது, வெளிநாட்டுக்காரர் யாரும் இனி அந்தப்பக்கம் போகக்கூடாது என்று காப்புக்காட்டு அலுவலகம் கட்டளை போட்டுவிட்டது. அவள் அழுதாள். இரண்டு வருட வேலை அப்பா, என்றாள். கமரா எல்லாம் அங்க நிக்குது, மழை வந்தால் ஆறு கொண்டுபோயிடும், என்றாள்.

நான் ம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சரோ பக்கத்தில் நின்று சைகையால் என்ன என்று கேட்டாள். போகமாட்டாள் என்று கையால் காட்டினேன். சரோ உடனே சாமிப்படத்துக்கு முன்னால் போய் நின்று கும்பிட்டாள்.

"அப்பா, உங்களுக்குச் சந்தோஷமா இருக்கு, என்ன?"

"சீச்சீ. ஏன் பிள்ளை அப்பிடிச் சொல்லுறாய்?"

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். அன்று மத்தியானம் நான் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். அந்தக் கிழமை நன்றாக நித்திரை கொண்டேன். என் பிள்ளை அழுதுகொண்டிருந்த கிழமை அது.

6

ஆனால் கமராக்கள் அங்கேயே நிற்க முடியாது. வெளிநாட்டுக்காரர்தானே போகக்கூடாது, நாங்கள் போகிறோம் என்று இரண்டு காவலர்கள் சொன்னார்கள். முதலில் வேண்டாம் என்ற நிவேதா பிறகு சம்மதித்தாளாம். ஆறாம் திகதி, ஒரு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வெளிக்கிட்டார்கள். நான் மேலே எழுதிய அழைப்பு அதுதான். நான் அவர்களைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நீ போகேல்லைத்தானே என்று மட்டும் கேட்டேன்.

ஒன்பதாம் திகதி அவர்கள் வரவில்லை. பத்தாம் திகதியும் இல்லை. அன்றுதான் கேட்டேன்.

"இசிஃபுவுக்கு நாலு பிள்ளையள்" என்றாள். "யானை இலத்தியைக் கையால உடைச்சுப் பாத்து, காலமை போனதோ நேற்றுப் போனதோ எண்டு சொல்லுவார். எனக்கும் பழக்கினவர். பியோ பகிடிக்காரன். எப்பவும் பாட்டுத்தான். அவற்ர பேருக்கே மூண்டாவது மகன் எண்டுதான் கருத்து. அவையின்ர ஆக்களில மூண்டாவது பொடியனெண்டால் பியோதான்."

இப்படிப் பெயரிலேயே எண்ணிக்கை வைக்கும் ஏற்பாட்டை வேறு நேரத்தில் கேட்டிருந்தால் எனக்கு மிகவும் பிடித்திருக்கும். பியோவுக்கு மேலே இரண்டு அண்ணன்மார் இருக்கிறார்கள் என்று மட்டும் மனதில் ஓடியது.

"அவையிட்ட ரேடியோ இல்லையோ?"

"இருக்கு. பேசேல்லை."

பதினோராம் திகதி காலை, வெளிநாடுகளில் அகப்பட்டவர்களுக்காக இங்கே அரசாங்கம் வைத்திருக்கும் இலக்கத்துக்கு அழைத்தேன். எல்லாக் கடதாசிகளையும் முன்னால் பரப்பி வைத்திருந்தேன், வரைபடம், கமரா இலக்கங்கள், புறப்பட்ட நேரம். பதினாலு நிமிடம் இசை கேட்டபிறகு ஒரு பெண் எடுத்தாள். மரியாதையாகத்தான் பேசினாள். மகளைப் பற்றியதா என்று கேட்டாள். இல்லை, மகள் பத்திரமாக இருக்கிறாள், இரண்டு வனக்காவலர்கள், என்றேன். ஜேர்மன் பிரஜைகளா? இல்லை. ஜேர்மன் நிறுவனத்தில் வேலை செய்கிறவர்களா? இல்லை, அந்த நாட்டு அரசாங்கத்துக்கு. அப்படியானால் அந்த நாட்டு அதிகாரிகள்தான் பார்ப்பார்கள் என்றாள். பிறகு, அவர்கள் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டாள்.

என்னுடைய ஜேர்மன் பிழையில்லாமல்தான் இருக்கும், ஆனால் அவசரத்தில் வசனம் கட்ட வராது. நான் அழித்த படங்களுக்குப் பதிலாகப் புதிய படங்கள் எடுக்கப் போனவர்கள் என்று சொல்ல நினைத்தேன். இடையில் நின்றுவிட்டது. அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். கடைசியில், உறவு இல்லை, என்றேன். வருந்துகிறேன், என்றாள். நல்ல நாளாக அமையட்டும் என்றும் சொன்னாள்.

7

"வெளிக்கிடுங்கோ" என்றாள் சரோ, அடுத்தநாள் காலை. "ஊன்ட்றொப்புக்குப் போவம்."

எங்கள் வாசலில் இருந்து அங்குள்ள அம்மன் கோயிலுக்கு அறுபத்திமூன்று கிலோமீட்டர். வழமையாகத் தேருக்கு மட்டும் போவோம், அப்போது வாகனம் நிறுத்த இடம் தேடியே ஒரு மணித்தியாலம் போய்விடும். அன்று எங்களோடு சேர்த்து ஏழு வாகனங்கள். அர்ச்சனைச் சீட்டு எழுதும் இடத்தில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை இருந்தாள்.

"பேர்?"

"இசிஃபு."

"என்னது அங்கிள்?"

எழுத்துக் கூட்டிச் சொன்னேன். எழுதினாள். "நட்சத்திரம்?"

"தெரியாது."

"பிறந்த திகதி சொல்லுங்கோ, ஃபோன் அப்பில பாத்துச் சொல்லுறன். நேரம் தெரியாட்டியும் பரவாயில்லை."

இதை எதிர்பார்த்து, வெளிக்கிட முன்னமே நிவேதாவுக்கு எழுதிக் கேட்டிருந்தேன். முகாமில் உள்ள அவர்களுடைய அடையாள அட்டைப் பிரதிகளைப் பார்த்துப் பதில் போட்டிருந்தாள். இரண்டு அட்டையிலும் திகதி இல்லை. வருடம் மட்டும், அதற்கு முன்னால் "ஏறக்குறைய" என்று ஒரு சொல். பிறப்புப் பதிவில்லாதவர்களுக்கு அங்கே அப்படித்தான் எழுதுவார்களாம். ஏன் அப்பா என்று கேட்டிருந்தாள். நான் பதில் எழுதவில்லை.

"திகதி இல்லைப் பிள்ளை. வருஷமும் ஒரு மதிப்புத்தான்."

அந்தப் பிள்ளை பேனையைப் பல்லில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "உங்கட சொந்தக்காரரோ?" என்றாள். சரோ முந்திக்கொண்டு, "மகளோட வேலை செய்யிறவை. நீ பேரை எழுதம்மா, காணும்" என்றாள். அந்தப் பிள்ளை நட்சத்திரம் எழுதும் இடத்தில் ஒரு கோடு போட்டாள். இரண்டு சீட்டிலும்.

ஐயர் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"என்ன காரியம்? சுகமில்லையோ, பயணமோ?"

"பயணம் ஐயா."

"போற பயணமோ, வாற பயணமோ?"

"வாற பயணம்."

மந்திரத்துக்கு நடுவில் பெயரை "இசைபு" என்றார். "இசிஃபு, ஐயா" என்று சரோ உரக்கத் திருத்தினாள். ஐயர் மறுபடி சொன்னார், அப்போதும் பிழை. "இ-சி-ஃபு." பின்னால் நின்ற இருவர் எங்களைப் பார்த்தார்கள். மூன்றாம் தரம் சரியாக வந்தது. பியோ ஒரே தரத்தில் வந்துவிட்டது.

திரும்பும்போது நெடுஞ்சாலையில் சரோ வெளியே பார்த்தபடி, "அண்டைக்கு எங்கட பிள்ளை தப்பீட்டாள் எண்டு கும்பிட்டனான்" என்றாள். "அப்பவே இவையளையும் நினைச்சிருக்கலாம். எனக்கு அந்த நினைப்பே வரேல்லை."

எனக்கும் வரவில்லை என்று சொன்னேன். அது அவளுக்கு ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

8

பதின்மூன்றாம் திகதி பின்னேரம் நாலு ஐந்துக்குத் தொலைபேசி அடித்தது.

"அப்பா, ஒராள் வந்திட்டார்."

நான் கதிரையில் உட்கார்ந்தேன்.

"நடந்து வந்தவர். மோட்டார் சைக்கிளை விட்டிட்டாராம். மேலெல்லாம் முள்ளுக் கிழிச்சிருக்கு. பையில ஒம்பது கமரா இருக்கு."

"மற்றவர்?"

"ஆத்துக்குக் கிட்ட, ஒரு மரத்தடியில விட்டிட்டு வந்திருக்கிறார். காயம். நடக்க ஏலாதாம். தண்ணி குடுத்திட்டு வந்தவராம். அது முந்தநாள். நாளைக்கு விடிய ஆக்கள் போவினம்."

"வந்தது எந்த ஆள்?"

அவளுக்குப் பின்னால் யாரோ பிரெஞ்சில் சத்தமாகப் பேசுவது கேட்டது.

"ஏன் அப்பா? எந்த ஆளெண்டால் உங்களுக்குச் சரி?"

குத்தலாகக் கேட்கவில்லை. களைத்துப்போய்க் கேட்டாள். ஆனால் கேட்ட பிறகுதான் தெரிந்தது, எனக்குள் அது ஏற்கெனவே தொடங்கிவிட்டிருந்தது. ஒருவருக்கு நாலு பிள்ளைகள். மற்றவருக்கு மேலே இரண்டு அண்ணன்மார் இருக்கிறார்கள். அவள் கேட்டிராவிட்டால் கணக்கு முடிந்து விடையும் வந்திருக்கும்.

"ஒராளும் சரியில்லை" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் பெயரைச் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் படிக்கிற நீங்களும் நான் செய்ததைத்தான் செய்வீர்கள்.

இன்று பதினாலாம் திகதி. விடிய ஐந்தரைக்குத் தேடப் போகிறவர்கள் முகாமில் இருந்து புறப்பட்டுவிட்டார்கள் என்று நிவேதா எழுதியிருந்தாள். இரண்டு வாகனங்கள். முன்னால் வழிகாட்ட, நேற்று நடந்து வந்தவர் தானும் வருவேன் என்று ஏறிவிட்டாராம், காலில் துணி சுற்றிக்கொண்டு. எத்தனை பேர் என்று கேட்டு எழுதினேன். அவரோடு சேர்த்து ஐந்து பேர் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. சரோ மேசையைத் துடைக்கிறாள், துடைத்த இடத்தையே துடைக்கிறாள். இப்போது பின்னேரம் மூன்று மணி, அங்கே ஒரு மணித்தியாலம் குறைவு.

மரத்தடியில் இருப்பவரோடு சேர்த்து, வடக்கில் இப்போது ஆறு பேர்.